சுவாமியார் மாதிரிப் பாடுங்கோ

புதிதாக நியமனம் பெற்றிருக்கும் சங்கீத ஆசிரியர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உங்களில் சிலர் என் மாணவிகளின் மாணவிகள். அவர்கள் என்னைப்பற்றி ஏற்கெனவே ஏதாவது சொல்லித்தான் வைத்திருப்பார்கள். அதில் பாதி உண்மை.

சுருதி சேர்ப்பது எப்படி, தாளம் போடுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் சான்றிதழோடு சேர்த்துத் தந்திருப்பார்கள். சான்றிதழில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், சபை முன்னால் இருக்கும், பாட்டு பாதிவழியில் போய்க்கொண்டிருக்கும், அப்போது நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டி வரும். யாரிடமும் கேட்க நேரமிருக்காது. எனக்கு அப்படி ஒரு நேரம் முதல் நியமனத்திலேயே வந்தது. வந்ததுதான் வந்தது, இத்தாலிய மொழியில் வந்தது.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

அறுபதுகளில் நடந்த கதை. யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படித்து முடித்த கையோடு எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் கிளிநொச்சியில், உருத்திரபுரத்துக்கும் அப்பால் ஒரு குடியேற்றத்தில் இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம். அரசாங்கம் காணி கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். சைவமும் வேதமும், அதாவது கிறிஸ்தவமும், கலந்த வகுப்பு. அங்கே ஒருவரின் விலாசம் என்பது அவருடைய வயலுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலின் எண். "நீ ஆற்றை பிள்ளை?", அதாவது யாருடைய பிள்ளை, என்று கேட்டால் "எட்டாம் வாய்க்கால்" என்று பதில் வரும். அப்பா என்னை பஸ்ஸில் கொண்டுபோய் விட்டபோது, நுளம்பு கடிக்கும், பாம்பு கடிக்கும், ஆனை வரும் என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார். இத்தாலிப் பாட்டு வரும் என்று அவர் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்குத் தலைமை மதர். மன்னார்ப் பக்கத்துக்காரி. ஆள் குள்ளம், குரல் மட்டும் நல்ல உயரம். அவரைக் கண்டால் பிள்ளைகள் மட்டுமல்ல, பள்ளிக்கூட வளவுக்குள் மேய வருகிற மாடுகளும் தாமாகவே திரும்பிப் போய்விடும்.

கோவிலுக்குப் பொறுப்பு சுவாமியார். அவர்தான் இத்தாலியர். மெலிந்து உயர்ந்த மனிதர், வெள்ளைத் தாடி, வெள்ளை அங்கி. அங்கி முழங்காலுக்கு மேலேதான் வெள்ளை, கீழே சேறு. அவருடைய ஊர் இத்தாலியின் வடக்கே நெல் விளைகிற இடமாம். "இத்தாலியிலும் நெல் விளையுமா?" என்று நான் வந்த புதிதில் கேட்டுவிட்டேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. வயலில் யாராவது களை பிடுங்குவதைக் கண்டால் சைக்கிளைச் சாத்திவிட்டு இறங்கிவிடுவார். "இப்படியா பிடுங்குவது? வேரோடு பிடுங்குங்கள்" என்று தானே குனிந்து பிடுங்கிக் காட்டுவார். பூசை நேரம் வந்ததை ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டியிருக்கும்.

காது அவருக்கு மந்தம். இடது காது அறவே இல்லை, வலது காது பாதி. சைக்கிள் மணி அடிக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாததால் வீட்டிலிருந்து புறப்பட்டால் போய்ச் சேரும்வரை அடித்துக்கொண்டே போவார். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அது எங்களுக்கு நாளாந்தம் நடந்த காட்சி. காது கேளாததால் அவருக்கு ஒரு நட்டமும் வரவில்லை. மாறாக, பாவசங்கீர்த்தனம் செய்ய அயல் பங்குகளிலிருந்தெல்லாம் சனம் அவரைத் தேடி வந்தது. என்ன பாவத்தைச் சொன்னாலும் அவர் ஒரே மாதிரி இனிமையாகச் சிரித்து, ஒரே மாதிரிச் சிறிய செபம் ஒன்றைத் தண்டனையாகக் கொடுத்து அனுப்பிவிடுவாராம். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்திருங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்பதற்கு அவருடைய முகத்தில் அதுதான் அடையாளம்.

அவருடைய தமிழ் புத்தகத் தமிழ். வன்னியில் அவ்வளவு காலம் இருந்தும் அவர் "இஞ்ச வா" என்று சொல்லி ஒருவரும் கேட்டதில்லை, "இவ்விடம் வாரும்" என்பார். அது போகட்டும், அவருடைய தமிழின் உண்மையான விசேஷம் வேறு. நாங்கள் "வணக்கம்" என்றால் எல்லா எழுத்தையும் ஒரே மட்டத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அவர் "வ"வை மெல்லத் தாண்டி, "ண"வில் ஏறி நின்று ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் "கம்"முக்கு இறங்குவார். ஒவ்வொரு சொல்லிலும் ஓரிடத்தில் இந்த மிதி விழும். மிதிக்கும்போது தலையும் வலப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டும். அவர் பிரசங்கம் வைத்தால் சொல்லுக்கு ஒரு மிதி, மிதிக்கு ஒரு வெட்டு. குடியேற்றத்துப் பிள்ளைகளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு வேண்டும்? மேசைக்கு மேசை சுவாமியார்கள் இருந்தார்கள். எல்லோரிலும் கெட்டிக்காரி எட்டாம் வாய்க்கால் தவமணி. சுவாமியாருக்குப் பழிப்புக் காட்டினாள் என்று மதரிடம் அவள் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை.

கார்த்திகை மாத மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள் சுவாமியார் என் சங்கீத வகுப்புக்கு வந்தார். அவருக்கு வயதாகிவிட்டது, ஊருக்குத் திரும்பும்படி அவருடைய துறவற சபை எழுதியிருந்தது. பெரும்போக நெல்லின் அரிவி வெட்டு முடிய அவர் கப்பலேற வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவர் கேட்க வந்தது வேறு.

"ஆசிரியையே, என் ஊரில் ஒரு பாட்டு இருக்கிறது" என்றார். "பெண்கள் வரிசையாக முழங்கால் தண்ணீரில் நின்று களை பிடுங்கும்போது பாடுவது. ஒருத்தி ஓரடி பாடுவாள். வரிசை முழுவதும் அதற்குப் பதில் பாடும். என் தாயார்தான் முதலடி பாடுகிறவர். நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அதைத் தனியாகப் பாடுகிறேன். பதில் வருவதில்லை. பதில் வராவிட்டால் அது பாட்டு அல்ல."

"ஊருக்குப் போய்க் கேக்கலாம்தானே, சுவாமி?" என்று அவருடைய வலது காதுக்குள் கத்தினேன்.

"ஊரில் இப்போது களைக்கு மருந்து அடிக்கிறார்களாம். தம்பி எழுதியிருக்கிறான். வரிசையும் இல்லை, பாட்டும் இல்லை." பிறகு தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இதுவும் போய்க்கொண்டிருக்கிறது. போவதற்கு முன் ஒரு தடவை அந்தப் பதிலைக் கேட்க வேண்டும். உம்முடைய பிள்ளைகள் பாடுவார்களா?"

எனக்கு வயது இருபத்தைந்தும் இல்லை. யாப்பும் படித்திருந்தேன், சங்கீதமும் படித்திருந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கு இவ்வளவு போதும். "ஓம், சுவாமி" என்றுவிட்டேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லையும் அசையாகப் பிரித்துப் பார்த்தேன், வெண்ணெய் வெட்டுவதுபோல் வந்தது. அந்த மொழியில் பெரும்பாலான சொற்கள் உயிரொலியில்தான் முடிகின்றன, எங்களுடைய "அம்மா", "அப்பா" மாதிரி. ஒரே மெய் இரட்டித்து வந்தால் பாதி முன்னால், பாதி பின்னால். அதுவும் எங்கள் வழக்கந்தான். லூச்சோலா என்றால் மின்மினி. லூச்-சோ-லா. ரிசாயா என்றால் நெல்வயல். ரி-சா-யா. தொர்னெரோ என்றால் திரும்பி வருவேன். தொர்-னெ-ரோ. பிரித்த அசைகளை ஆதி தாளத்தில் அடக்கி, அங்கங்கே ஒரு கமகமும் வைத்து, பிள்ளைகளுக்குப் பாடமாக்கினேன். இத்தாலி இவ்வளவுதானா என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

சுவாமியாரைக் கூப்பிட்டோம். வலது காதைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிவரை கேட்டார். கண்ணைத் திறந்தார்.

"மிகவும் அழகான தமிழ்ப் பாட்டு" என்றார். "இனி என்னுடைய பாட்டைப் பாடுங்கள்."

பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்க்காததுபோல் இருந்தேன். தவமணி மேசைக்குக் கீழே எதையோ தேடினாள்.

பிறகு அவர் இருந்து விளக்கினார். எங்கள் சொல்லில் எல்லா அசையும் சமம். அவருடைய மொழியில் ஒரு சொல்லுக்கு ஓர் அசைதான் எசமானாம், மற்றவையெல்லாம் வேலைக்காரராம். எசமான்மேல் பாரம் விழ வேண்டும். லூச்சோலாவில் முதல் அசை, ரிசாயாவில் நடு அசை, தொர்னெரோவில் கடைசி அசை. "எந்தச் சொல்லில் எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கு விதி என்ன, சுவாமி?" என்று கேட்டேன். யாப்புப் படித்தவளுக்கு விதி இல்லாமல் நித்திரை வராது. "பெரிய விதி ஒன்றும் இல்லை. தாய் சொல்லித் தருவாள்" என்றார்.

தாய் இல்லாத இடத்தில் நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். பாரம் விழ வேண்டிய அசைகளுக்கெல்லாம் கீழே கோடு போட்டுக் கொடுத்தேன். கோடு போட்ட இடத்தை அழுத்திப் பாடுங்கோ என்றால் பிள்ளைகள் கத்தினார்கள். கத்தாதேங்கோ என்றால் இழுத்தார்கள். இழுக்காதேங்கோ என்றால் எல்லாம் பழையபடி ஒரே மட்டத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. நான் பாடிக் காட்டினால் இன்னும் மோசம், அழுத்துகிற இடத்தில் என் தொண்டை என்னைக் கேளாமல் ஒரு கமகத்தைப் போட்டுவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிறது என்று நாளுக்கு நாள் விளங்கிக்கொண்டு வந்தது. சுவாமியாரிடம் மிஞ்சியிருந்த பாதிக் காதும் அங்கே நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் இடைவேளையில் பின்கட்டுப் பக்கம் சுவாமியாரின் குரல் கேட்டது. "பிரியமான விசுவாசிகளே, களை என்பது பாவம். பாவத்தை நுனியில் பிடித்து இழுத்தால் அறுந்து வரும்." எட்டிப் பார்த்தேன். சைக்கிளைக் காணவில்லை. தவமணி வாங்குப் பலகைமேல் ஏறி நின்று பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லுக்கு ஒரு மிதி, மிதிக்கு ஒரு வெட்டு. என்னைக் கண்டதும் விசுவாசிகள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். பிரசங்கி மட்டும் வாங்கிலிருந்து இறங்க முடியாமல் நின்றாள்.

"இன்னொருக்காச் செய்" என்றேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை, ரீச்சர்."

"செய்யெண்டு சொல்லுறன்."

"மதரிட்டச் சொல்லப் போறியளோ?"

"சொல்லமாட்டன். இந்தா, இதைப் பிடி." பாட்டு எழுதிய தாளைக் கொடுத்தேன். "கோடு போட்ட இடத்தில சுவாமியார் மிதிக்கிறார் எண்டு நினை. அவர் இதைச் சொன்னா எப்பிடிச் சொல்லுவார்?"

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தோளைச் சற்றே கூனினாள். பிறகு, "லூச்சோலா" என்றாள். அந்த வளவில் அதற்குமுன் சுவாமியாரைத் தவிர வேறு ஒருவர் வாயிலும் அந்தச் சொல் அப்படி வந்ததில்லை. முதல் அசை கனத்து நிற்க, மற்ற இரண்டும் அதன் பின்னால் கைகட்டிக்கொண்டு வந்தன. அவர் தமிழைப் பிழையாகச் சொன்ன அந்த வழியேதான் இத்தாலிய மொழியைச் சரியாகச் சொல்கிற வழி. இது விளங்க எனக்கு அவ்வளவு நாளாகியிருந்தது, தவமணிக்கோ விளங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோனாள்.

இளம் ஆசிரியர்களே, இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பிலும் உங்களுக்குப் பழிப்புக் காட்டுகிற பிள்ளை ஒன்று இருக்கும். இல்லை என்று நினைத்தால் நீங்கள் இன்னும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பிள்ளையைப்போல் உங்களைக் கவனமாகப் பார்க்கிறவர், கேட்கிறவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அடிப்பதற்குமுன் அந்தக் காதை எதற்குப் பாவிக்கலாம் என்று யோசியுங்கள். பிறகு வேண்டுமானால் அடிக்கலாம், இப்போது சட்டம் விடாது என்கிறார்கள்.

மதரிடம் போனேன்.

"சுவாமியாருக்குப் பழிப்புக் காட்டுறதை நீர் வகுப்பில படிப்பிக்கப் போறீரோ?" என்றார் மதர்.

"பழிப்பு இல்லை, மதர். அவற்ரை பாட்டை அவரை மாதிரியே பாடுறது."

"குருவானவரை நக்கலடிக்கிறது பாவம், தெரியுமோ?"

"பாவமெண்டா அவரிட்டையே பாவசங்கீர்த்தனம் செய்யலாம், மதர். அவருக்குக் கேக்காதுதானே."

இது என் வாயிலிருந்து வந்ததென்று எனக்கே நம்ப முடியவில்லை. மதர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய தோள் ஆடியது. திரும்பியபோது முகம் பழையபடி கல். "குரல் மட்டும்" என்றார். "தலை ஆடக்கூடாது. ஒரு பிள்ளையின்ரை தலை ஆடினாலும் நான் பாட்டை நிப்பாட்டிப்போடுவன்."

"சுவாமியார் மாதிரிப் பாடுங்கோ" என்று பிள்ளைகளுக்குச் சொன்ன அன்று அந்த வகுப்பில் எழுந்த சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. களவாகச் செய்து அடி வாங்கிய வேலையைப் பள்ளிக்கூடமே கேட்டு வாங்குகிறது. ஒரு கிழமைக்குள் பாட்டு பாட்டாகிவிட்டது. முதலடி தவமணிக்கு, பதில் மற்றவர்களுக்கு. மிஞ்சிய வேலை கழுத்தை அடக்குவதுதான். குரலில் மிதி விழுந்தால் தலை தானாக வெட்டியது, தலையைப் பிடித்தால் குரலில் மிதி போய்விட்டது. ஆளுக்கொரு பாடக் கொப்பியைத் தலையில் வைத்துப் பாடச் சொன்னேன். நாள் முழுவதும் கொப்பிகள் விழுந்துகொண்டே இருந்தன. விழாமல் பாடப் பழகி முடிய மார்கழி வந்துவிட்டது.

மார்கழியோடு பெருமழையும் வந்தது. எட்டாம் வாய்க்கால் கட்டு உடைத்துக்கொண்டபோது சுவாமியாரும் மண்வெட்டியோடு போய் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றார். பிறகு காய்ச்சலில் விழுந்தார். எழும்பி வந்தபோது வலது காதும் இல்லை. மதர் அவரோடு ஒரு சிலேட்டில் எழுதிப் பேசத் தொடங்கினார்.

நான் அவருக்காக அழுதேன். என்னுடைய பாட்டு போய்விட்டதே என்றும் அழுதிருப்பேன். இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வயதில்லை அது.

"விடும், பிள்ளை" என்றார் மதர். முதல்தடவையாக என்னோடு மெதுவாகப் பேசினார். "செவிடன் காதில ஊதின சங்கெண்டு சனம் சிரிக்கும். அதுவும் பரவாயில்லை. பிள்ளையள் பாட, அவர் கேக்காமல் இருக்க, அவற்ரை மனம் என்ன பாடுபடும்? வேறை ஏதும் செய்வம்."

நியாயமான பேச்சு. ஆனால் அவரைக் கேட்காமல் அவருக்காக நாங்கள் முடிவெடுப்பதா என்று என் மனம் ஒப்பவில்லை. சிலேட்டை வாங்கிக்கொண்டு போய், "பாட்டு வேண்டுமா, வேண்டாமா?" என்று எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிலேட்டைத் திருப்பித் தந்தார்.

"பாடட்டும்" என்றார். "நான் பார்க்கிறேன். விளங்காவிட்டால் விளங்கியதுபோல் சிரிப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு."

அரிவி வெட்டு முடிந்து, சூடடித்து, புது நெல் வீட்டுக்கு வந்தபிறகு பிரியாவிடை வைத்தார்கள். பள்ளிக்கூட வளவில் கிடுகுக் கொட்டகை. எல்லா வாய்க்காலும் வந்திருந்தது. சைவம், வேதம் என்று பார்க்காமல் ஆளுக்கொரு சிறு பையில் புது அரிசி கொண்டுவந்திருந்தார்கள், கப்பலில் சமைத்துச் சாப்பிடட்டுமாம். ஊர் அதிகாரியான விதானையார் பேசினார், நீளமாகப் பேசினார். சுவாமியார் முன்வரிசைக் கதிரையிலிருந்து அந்தப் பேச்சு முழுவதற்கும் இனிமையாகச் சிரித்தார். அன்று அந்தச் சபையில் காது கேளாததால் நன்மை அடைந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு பாட்டு. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்து நின்றேன். தவமணி முதலடியை எடுத்தாள், வரிசை பதில் சொன்னது. ஒரு தலையும் அசையவில்லை. ஒரு பாரமும் தப்பான இடத்தில் விழவில்லை. அதைவிட நன்றாக அந்தப் பாட்டை வன்னியில் ஒருவராலும் பாட முடியாது. எனக்குப் பெருமையில் காது அடைத்தது. சுவாமியாரின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு மெல்லத் திரும்பினேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். விதானையாருக்குச் சிரித்த அதே சிரிப்பு.

பாட்டில் பாதி போய்விட்டது. இப்படியே போனால் பாட்டு குறையில்லாமல் முடியும், சனம் கைதட்டும், மதர் தலையசைப்பார், என் பெயருக்கு ஒரு பழுதும் வராது. அந்த மனிதர் மட்டும் ஒன்றும் கேட்காமல் கப்பலேறிவிடுவார். அவருக்குக் காதில்லை, கண் இருக்கிறது. கண்ணுக்கு என்ன கொடுத்தோம்? வாயை மட்டும் அசைத்துக்கொண்டு மரம்போல் நிற்கிற ஒரு வரிசையைக் கொடுத்தோம். நானே கொப்பி வைத்துப் பழக்கிய வரிசை. இதெல்லாவற்றையும் நான் அப்போது ஒழுங்காக யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஓரடி பாடி முடிகிற நேரந்தான் இருந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். அடுத்த பாரம் விழுகிற இடத்தில் என்னுடைய தலையை வலப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டினேன்.

தவமணி என்னைப் பார்த்தாள். மதரைப் பார்த்தாள். நான் மறுபடியும் வெட்டினேன். அவள் கண் விரிந்தது, அடுத்த சொல்லில் அவளுடைய தலை வெட்டியது. பிறகு வரிசை முழுவதும் வெட்டியது. நாள்கணக்காகக் கொப்பிக்குக் கீழே அடக்கி வைத்திருந்த கழுத்துகள் எல்லாம் ஒன்றாக அவிழ்ந்தன.

சனம் கொட்டகை அதிரச் சிரித்தது. "டேய், சுவாமியாரடா" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சிரிக்காத ஆளில்லை. மதர் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டார். விடைபெற்றுப் போகிற மனிதரை அவருடைய சபைக்கு முன்னாலேயே நக்கலடித்துவிட்டேன், விடியத் துணிமணியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது வெறும் நக்கலாகவே முடிந்துவிடும்.

சுவாமியாரின் சிரிப்பு நின்றது. முன்னால் குனிந்து, வரிசையை இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை பார்த்தார். முதல் அசையில் வெட்டினால் மின்மினி. நடுவில் வெட்டினால் நெல்வயல். கடைசியில் வெட்டினால் திரும்பி வருவேன். பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று அந்தத் தலைகளில் எழுதியிருந்தது. அவர் எழுந்தார். அவருடைய தலையும் கூடவே வெட்டியது. பதில் முடிந்து அடுத்த முதலடி தொடங்க வேண்டிய இடத்தில், தவமணி வாயைத் திறக்குமுன், அவர் பாடினார்.

சரியான இடம். அரை மாத்திரை பிசகவில்லை. தவமணி சட்டென்று தன் அடியை அவருக்கு விட்டுவிட்டுப் பதில் வரிசையோடு சேர்ந்துகொண்டாள். அவர் பாடினார், பிள்ளைகள் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலும் வருவதை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்த சனம் எப்போது அடங்கியது என்று எனக்குத் தெரியாது. என் கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் அவர் நேரே பிள்ளைகளிடம் வந்தார்.

"கை இரண்டும் தண்ணீருக்குள், கால் சேற்றுக்குள்" என்றார். "தாளம் போட அந்தப் பெண்களுக்குத் தலை மட்டுந்தான் இருந்தது. என் தாயார் இப்படியேதான் வெட்டுவார். நான் இதை உங்களுக்குச் சொல்லித் தரவில்லையே. எனக்கே மறந்துவிட்டது. இதை யார் உங்களுக்குச் சொன்னது?"

பிள்ளைகள் எல்லோரும் தவமணியைப் பார்த்தார்கள். தவமணி விரலை நீட்டி அவரையே காட்டினாள்.

"நானா?"

அவள் தலையாட்டினாள். அவர் நம்பாமல் மதரைப் பார்த்தார். மதர் பொய் சொல்லாத மனுஷி. சிலேட்டை எடுத்து, "நீங்கள் பேசும்போதெல்லாம்" என்று எழுதிக் காட்டினார்.

"பூசையிலுமா?"

மதர் "ஓம்" என்று தலையசைத்தார்.

சுவாமியார் அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் என் தாயார் இவ்வளவு காலமும் இந்த வன்னியில் என்னோடுதான் இருந்திருக்கிறார்" என்றார். "ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே."

எப்படிச் சொல்வது? நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டல்லவா இருந்தோம்.

அவர் தவமணியின் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மகளே, என்னைப்போல் பேசும். இன்னொரு தடவை பார்க்க வேண்டும்" என்றார்.

தவமணி மதரைப் பார்த்தாள். மதர் மூக்கைத் துடைத்தார்.

"செய், பிள்ளை" என்றார். "வடிவாச் செய்."

தவமணி தோளைக் கூனிக்கொண்டு களையையும் பாவத்தையும் பற்றிய பிரசங்கத்தைத் தொடக்கத்திலிருந்து வைத்தாள். சனம் மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தது. சுவாமியார் ஒரு சொல்லும் கேட்காமல் அவளுடைய தலையையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.